இளைக்கக் கூடாத உடம்பு

பிரேக் அக்காவுக்குத் தன் தொப்பையின் மேல் தனி மரியாதை உண்டு. மற்றப் பெண்கள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்பார்கள். இவள் மூச்சை விட்டுவிட்டு நிற்பாள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கொடுத்த சீருடைச் சட்டையைக்கூட ஓர் அளவு சின்னதாகக் கேட்டு வாங்கியிருந்தாள். பொத்தான்கள் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் முதலாளி ஒருநாள், "பெரிய சட்டை ஒண்ணு இருக்கு, தரட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் சார். இதுதான் எடுப்பா இருக்கு" என்றாள்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார்.

பயிற்சிக் கார்களில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அந்த ஊரில் பாதிப் பேரை மரத்திலும் சுவரிலும் மோதவிடாமல் காப்பாற்றியது இவளுடைய வலது கால்தான். அதனால்தான் அந்தப் பெயர். அவளிடம் படித்துவிட்டுப் போனவர்கள் சாலையில் அவளைத் தாண்டிப் போகும்போது கையை ஆட்டமாட்டார்கள், தேவையில்லாமல் ஒரு முறை பிரேக்கை மிதித்துக் காட்டுவார்கள். பின்விளக்கு எரிந்து அணையும். அதுதான் அவளுக்கு வணக்கம்.

தொப்பையின் கதை பதினேழு வருஷம் பழையது. அவள் கணவன் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்றவன். பேச்சில் மன்னன், ஊர் ஊராகச் சுற்றியவன். ஒரு மழைக்காலத்தில் இருமிக்கொண்டு வந்து படுத்தான், எழுந்திருக்கவில்லை. காசநோய் என்று ஊருக்குச் சொன்னார்கள். பொய்யும் இல்லை. காசநோய் எதன் தோளில் ஏறி வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி. அவளுக்கும் இருந்தது.

அப்போது அவள் துரும்பாக இளைத்திருந்தாள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், சட்டை ஆணியில் மாட்டியது போல் தொங்கும். மூன்று மாடிக் கட்டிடம் அது. கீழ்த்தளத்தில் கணவனின் அக்கா, அதாவது நாத்தனார், மகனோடு இருந்தாள். அதற்கு மேலே இவள். அதற்கும் மேலே வாடகைக்காரர்கள். இவள் படியேறும் சத்தம் கேட்டால் கதவுகள் அடித்துச் சாத்தப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மிக மிக மெதுவாக, சத்தமே வராமல் சாத்தப்பட்டன. அதுதான் வலித்தது. நாத்தனார் வீட்டில் இவளுக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் ஜன்னல் ஓரமாக ஒதுங்கி நின்றன. யாரும் எதுவும் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை.

பிறகு மாத்திரை ஆரம்பித்தது. தினமும் இரவு எட்டு மணிக்கு, அலாரம் வைத்து. ஊரின் மறுகோடியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு முகமூடி போட்டுக்கொண்டு போய் வாங்கிவருவாள். அந்த இடத்துக்குச் 'சிறப்புப் பிரிவு' என்று பலகை மாட்டியிருந்தார்கள், யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதாம். அந்தப் பலகையைப் பார்த்தாலே சிறப்பு என்னவென்று வாசலில் பூச்செடிக்குத் தண்ணீர் விடுகிறவருக்கும் தெரியும்.

ஒரு வருஷத்தில் கன்னம் நிரம்பியது. இடையில் மாத்திரையை மாற்றினார்கள், இடுப்பும் நிரம்பியது. கதவுகள் திறந்தன. "இப்பத்தான் பார்க்க ஆளு மாதிரி இருக்கே" என்றார்கள். இவ்வளவு பூசினாற்போல் இருக்கிற பெண்ணுக்கு என்ன நோய் இருக்க முடியும்? ஏறிய ஒவ்வொரு கிலோவும் அவள் சார்பில் சாட்சி சொன்னது. நாத்தனார் மட்டும் மாதம் ஒரு தடவையாவது இவள் மேல்கையை அழுத்திப் பிடித்துப் பார்ப்பாள், சந்தையில் காய் வாங்குகிறவள் மாதிரி.

"ம், சதை இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவாள்.

ஆக, எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சிறப்புப் பிரிவுக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா அவள் வயிற்றைச் சுற்றி அளவு நாடாவைப் போடும்வரை.

"வைரஸ் அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கம்மி. பல வருஷமா அப்படியே இருக்கு. ரொம்ப நல்ல விஷயம்" என்று ஆரம்பித்தாள் டாக்டரம்மா. வயதில் சின்னவள், ஆனால் நல்ல செய்தியை முதலில் சொல்லும் பழக்கம் அதற்குள் வந்துவிட்டது. "ஆனா சர்க்கரை வந்திருக்கு. ரத்தத்துல கொழுப்பு ஜாஸ்தி. ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. பிரஷரும் இருக்கு."

பிரேக் அக்காவுக்குச் சுருக்கென்றது. "ஒரு வேளை மாத்திரை தவறினது இல்லையே டாக்டர். காய்ச்சல்ல கிடந்தப்பகூடப் போட்டேனே."

"தெரியும். நீங்க எந்தத் தப்பும் பண்ணலை."

"அப்புறம் எதுக்கு இவ்வளவும்?"

டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "வைரஸை மாத்திரை அடக்கி வச்சிருக்கு. ஆனா அது போயிடலை. சில இடங்கள்ல பதுங்கிக் கிடக்கு. ஆரம்பத்துலயே குடல்ல கொஞ்சம் சேதம் பண்ணியிருக்கும். அதனால உடம்போட எதிர்ப்புச் சக்தி ஓய்வே எடுக்கிறதில்லை. சண்டை முடிஞ்ச பிறகும் கொஞ்சமா முறுக்கேறியே இருக்கு. வருஷக்கணக்கா அப்படி இருந்தா ரத்தக் குழாய், ஈரல், சர்க்கரையைக் கையாள்ற வேலை எல்லாம் அடிபடும். மாத்திரைகள்லயும் சிலது எடையை ஏத்தும். வயசும் சேர்ந்துக்குது. எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது."

"அப்போ யார்கூடச் சண்டை போடுது என் உடம்பு?"

"யாரும் பெருசா எதிர்ல இல்லை. அதுதான் பிரச்சினை."

பிரேக் அக்கா சுவரைப் பார்த்தாள். ஆணுறையின் பயனை விளக்கும் படம் ஒன்று அங்கே மாட்டியிருந்தது. அதில் இருந்த கணவன் மனைவி இரண்டு பேரும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதயத்துக்கு ஆபத்து வராம இருக்க ஒரு மாத்திரை தர்றேன். சர்க்கரைக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு. ஆனா முக்கியமானது, எடை குறையணும். தினமும் வேகமா நடக்கணும்."

"மாத்திரை எத்தனை வேணும்னாலும் குடுங்க டாக்டர். பத்து குடுங்க, கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுடறேன். இளைக்க மட்டும் சொல்லாதீங்க."

"ஏன்?"

"இளைச்சா ஊரு பேசும்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாள். அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்தப் பக்கவிளைவு போட்டிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் நாத்தனாருக்கு வகுப்பு. மகன் புதிதாகக் கார் வாங்கியிருந்தான். அவன் வேலைக்குப் போனபிறகு அது வாசலில் சும்மா நிற்பது நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் கற்றுக்கொள்ளக் கிளம்பிவிட்டாள். தம்பி மனைவிதான் வாத்தியார் என்பதில் அவளுக்குச் சங்கடம் எதுவும் இல்லை. வாத்தியாரைத்தான் அவள் வகுப்பு முழுவதும் அதட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இடது பக்கம் கண்ணாடியைப் பாருங்க."

"பார்த்தாச்சு. நீ பேசாம உட்காரு."

"முன்னாடி சைக்கிள் போகுது."

"அவன் என்னைப் பார்க்கணும். நான் எதுக்கு அவனைப் பார்க்கணும்?"

நாத்தனாரிடம் ஒரு கெட்ட பழக்கம். எதிரே ஒன்றுமே இல்லாத நேரான சாலையிலும் பிரேக்கின் மேல் பாதிக் காலை வைத்துக்கொண்டே ஓட்டுவாள். அன்று இரண்டு தெரு தாண்டுவதற்குள் கருகிய நெடி வந்துவிட்டது.

"காலை எடுங்க அண்ணி! பிரேக் தேயுது."

"எங்கேயும் மோதலையே? வண்டி ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?"

"ஓடும். உள்ளே தேஞ்சுகிட்டே ஓடும். பெட்ரோலும் ஜாஸ்தி குடிக்கும். ஒருநாள் நிஜமா பிரேக் வேணுங்கிறப்ப..."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். காலையில் டாக்டரம்மா அரைமணி நேரம் சொல்லிப் புரியாதது இந்தக் கருகல் நெடியில் புரிந்துவிட்டது. எத்தனை பேருக்கு இதைச் சொல்லித் திட்டியிருக்கிறாள்! தன் உடம்புக்குள்ளும் யாரோ ஒருத்தி காலை எடுக்காமல் ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

"என்னடி, பாதியில நிறுத்திட்டே?" என்றாள் நாத்தனார்.

"ஒண்ணுமில்லை. நேராப் பார்த்து ஓட்டுங்க."

மறுநாள் காலையிலிருந்து நடக்க ஆரம்பித்தாள். கட்டிடம் விழிக்கும் முன்பே கிளம்பி, பின்பக்கத் தெருவழியாகச் சுற்றி, ஒன்றும் நடக்காதது போல் திரும்பிவந்துவிடுவாள். கேக்கை நிறுத்தினாள். தேநீரில் சர்க்கரையை நிறுத்தினாள். பயிற்சிப் பள்ளியில் மதியம் வாங்கித் தின்னும் வறுவல் பொட்டலத்தை நிறுத்தியபோது மட்டும் கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்ததில் சர்க்கரை இறங்கியிருந்தது, கொழுப்பும். டாக்டரம்மா தன் மதிப்பெண்ணே ஏறியது மாதிரி மகிழ்ந்துபோனாள். "உடம்பு நல்லா ஒத்துழைக்குது! இப்படியே போங்க."

உடம்பு ஒத்துழைத்ததுதான் வினையாகப் போனது. சீருடைப் பொத்தான்கள் முதல் முறையாக நிம்மதியாக மூச்சுவிட்டன. கன்னத்தில் எலும்பு தெரிந்தது. முதலாளி, "வீட்ல ஏதாவது கஷ்டமா?" என்று விசாரித்தார். மேல்மாடி வாடகைக்காரம்மா படியில் எதிர்ப்பட்டபோது மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனாள். கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. அந்தச் சத்தமில்லாத சத்தம் பிரேக் அக்காவுக்கு மறக்கவில்லை.

அந்த வாரமே நாத்தனார் கையைப் பிடித்தாள். விரல்கள் முன்பைவிட அதிகம் சுற்றிவந்தன. அவள் முகம் மாறியது.

"என்னடி இது? வத்திப் போயிட்டே?"

"வேலை ஜாஸ்தி அண்ணி."

"முன்னாடியும் வேலை ஜாஸ்திதானே? அப்ப கொழுகொழுன்னுதானே இருந்தே?"

பிரேக் அக்கா அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். டாக்டரம்மாவுக்கு அவள் இளைக்க வேண்டும். கட்டிடத்துக்கு அவள் குண்டாக இருக்க வேண்டும். இரண்டு பேரையும் திருப்திப்படுத்த ஒரே ஒரு வழிதான் தோன்றியது. அலமாரியைத் திறந்து கனமான குளியல் துண்டு ஒன்றை எடுத்து, நாலாக மடித்து, வயிற்றைச் சுற்றி ஊக்குகளால் பிணைத்து, மேலே சீருடையைப் போட்டாள். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். பழைய ஆள் திரும்பி வந்திருந்தாள்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். அதிகாலையில் கொழுப்பைக் கரைக்க ஓட்டமும் நடையுமாகப் போவாள். வந்து குளித்துவிட்டு அதே கொழுப்பைத் துணியில் செய்து கட்டிக்கொள்வாள். எடை குறையக் குறைய துண்டு பெருத்தது. ஒன்று போதாமல் இரண்டாயிற்று. கைக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. நாத்தனார் பக்கம் வரும்போதெல்லாம் கையில் ஏதாவது சாமானைத் தூக்கிக்கொண்டு நிற்பாள்.

வெயில் காலம் வந்தது. பயிற்சிக் காரின் குளிர்சாதனம் எப்போதோ செத்துப்போனது, முதலாளி அதற்கு இன்னும் துக்கம் அனுஷ்டித்துக்கொண்டிருந்தார். அன்று காலை நடந்துவிட்டு வர நேரமாகிவிட்டதால் பிரேக் அக்கா எதுவும் சாப்பிடவில்லை. பிரஷர் மாத்திரையை மட்டும் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு நாத்தனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு துண்டு, அதன்மேல் இறுக்கமான சீருடை, அதன்மேல் சீட் பெல்ட். வியர்வை காதோரமாக ஓடியது.

மேம்பாலத்தின் இறக்கத்தில் நாத்தனார், "இப்ப கியரைக் குறைக்கணுமா?" என்று கேட்டாள். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். வாத்தியாரின் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது.

"ஏய்! ஏய், விளையாடாதே!"

அந்த நிமிஷம் நாத்தனாருக்கு உறைத்தது ஒன்றுதான்: பக்கத்தில் இருந்த கால் இனி எதையும் மிதிக்காது. இத்தனை மாதமாகத் தான் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்த வண்டியை உண்மையில் யார் நிறுத்திக்கொண்டிருந்தார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஹாரனில் உள்ளங்கையை வைத்தவள் எடுக்கவே இல்லை. சிவப்பு விளக்கைக் கடந்தாள். ஒருவழிச் சாலையில் எதிர்ப்பக்கமாகப் புகுந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் கொண்டுபோய், கோடுகளுக்கு நடுவே அளவெடுத்தாற்போல் நிறுத்தினாள். வகுப்பில் ஒரு தடவைகூட அவளுக்கு அப்படி நிறுத்த வந்ததில்லை.

அவசரப் பிரிவில் பிரேக் அக்கா கண் திறந்தபோது கையில் சலைன் இறங்கிக்கொண்டிருந்தது. திரைச்சீலைக்குள் ஒரு நர்ஸ் அவள் சீருடையைத் தளர்த்தி, ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். முதல் துண்டு வந்தது. இரண்டாவது துண்டும் வந்தது. நர்ஸ் அடுத்து என்ன வருமோ என்பதுபோல் கொஞ்சம் தயங்கினாள். கட்டிலின் கால்பக்கத்தில் நாத்தனார் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணிச் சத்து குறைஞ்சு, பிரஷர் இறங்கியிருக்கு. பயப்பட ஒண்ணுமில்லை" என்றாள் நர்ஸ். "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"சர்க்கரைக்கு. பிரஷருக்கு. கொழுப்புக்கு."

"வேற?"

பிரேக் அக்கா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் நகர்கிற மாதிரி இல்லை.

"வேற ஏதாவது இருந்தா சொல்லிடுங்கம்மா. சர்க்கரை மாத்திரையோட சிலது ஒத்துப்போகாது. டாக்டர் அளவு பார்த்துத்தான் தருவாங்க."

அதை டாக்டரம்மாவும் அழுத்திச் சொல்லியிருந்தாள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மறைக்கக் கூடாது என்று. பதினேழு வருஷம் முகமூடி, பின்பக்கத் தெரு, துண்டு எல்லாம் சேர்ந்து இந்தக் கட்டில்வரைதான் கூட வந்தன. பிரேக் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எச்.ஐ.வி. மாத்திரை. பதினேழு வருஷமா."

நர்ஸ் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மாத்திரையின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, டாக்டரிடம் சொல்லப் போனாள். திரைச்சீலை ஆடி நின்றது. பிரேக் அக்கா கண்ணைத் திறக்கவில்லை. நாத்தனார் வெளியே போகிற செருப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்தது.

"சர்க்கரை எப்படி வந்தது உனக்கு?"

"என்ன அண்ணி?"

"சர்க்கரைடி! எப்ப வந்தது? என்கிட்ட ஏன் சொல்லலை? அதை எதுக்கு மறைச்சே?"

பிரேக் அக்கா எழுந்து உட்காரப் பார்த்தாள். தலை சுற்றியது. "அண்ணி, நான் இப்ப சொன்னது உங்க காதுல விழலையா?"

"விழுந்தது. அது எனக்குத் தெரிஞ்சதுதானே. புதுசா ஏதாவது சொல்லு."

சாகிறதுக்கு முந்தின வாரம் தம்பியே நாத்தனாரிடம் சொல்லியிருக்கிறான். மனைவியிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறான். விற்பனையில் வாயைவைத்துப் பிழைத்தவனுக்கு இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் வாய் வரவில்லை. அவன் போனபிறகு இவள் வந்து சொல்வாள் என்று நாத்தனார் பார்த்திருக்கிறாள். இவள் சொல்லவில்லை. ஒருவேளை இவளுக்கு இல்லை போலும் என்று நினைத்திருந்த சமயத்தில்தான் மேலே தினமும் எட்டு மணிக்கு அலாரம் அடிக்க ஆரம்பித்திருக்கிறது.

"சில நாள் அடிச்சுகிட்டே இருக்கும், நீ தூங்கிப் போயிருப்பே. நான்தான் கீழேயிருந்து குச்சியால கூரையைத் தட்டுவேன்."

"சத்தம் தாங்காம தட்டறீங்கன்னு நினைச்சேன்" என்றாள் பிரேக் அக்கா. நினைத்தது மட்டுமில்லை, அதற்காகப் பல வருஷம் நாத்தனாரை மனசுக்குள் கரித்துக்கொட்டியும் இருக்கிறாள்.

"சத்தமும் தாங்கலைதான். பொய் சொல்ல மாட்டேன்."

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேட்கலையே அண்ணி."

"கேட்டா நீ ஆமாம்பே. ஆமான்னு ஒருதடவை சொல்லிட்டா அது வீட்டுக்குள்ள நிக்காது. என் பையனுக்கு யாரு பொண்ணு குடுப்பா? அதான் மாடிக்காரங்க கேட்டப்பல்லாம், அவ விரதம் இருந்து இருந்து இளைச்சுட்டான்னு சொல்லி வச்சேன். உனக்காகப் பாதி, எனக்காகப் பாதி."

"தட்டும் டம்ளரும் தனியா வச்சீங்களே. அது யாருக்காக?"

நாத்தனார் சலைன் பாட்டிலைப் பார்த்தாள். சொட்டுகள் ஒழுங்காகத்தான் விழுந்துகொண்டிருந்தன.

"பயம்டி. டம்ளர்ல ஒட்டாதுன்னு எனக்கு யாரு சொன்னா? ரெண்டு வருஷம் அப்படி வச்சேன். அப்புறம் பாத்திரம் கழுவ வந்தவ எல்லாத்தையும் கலந்து அடுக்கிட்டா. எது உன்னோடதுன்னு எனக்கே தெரியலை. சரி போன்னு விட்டுட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "அது தப்புத்தான்" என்றாள், யாரையோ கண்டிக்கிற குரலில்.

பிரேக் அக்காவுக்கு அழுகை வரும்போல் இருந்தது. வந்ததோ சிரிப்பு. ஒரே ரகசியத்தை மேலே ஒருத்தியும் கீழே ஒருத்தியுமாக, ஒருத்திக்குத் தெரியாமல் மற்றவள், இத்தனை வருஷமாக அடைகாத்திருக்கிறார்கள். சிரிப்பு அடங்காமல் சலைன் ஊசி ஆடியது. போன நர்ஸ் ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டு, இதற்கு மருந்து தேவையில்லை என்று முடிவு செய்துகொண்டு போனாள்.

மறுநாளே கட்டிடம் முழுக்கச் செய்தி பரவியது. நாத்தனார்தான் பரப்பினாள். "என் தம்பி சம்சாரத்துக்குச் சர்க்கரை. அதான் இளைச்சுட்டா. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காங்க." கதவுகள் எல்லாம் படாரென்று திறந்தன. சர்க்கரை என்றால் எவ்வளவு கௌரவமான வியாதி! மேல்மாடி வாடகைக்காரம்மா தன் மாமியாரின் சர்க்கரைக் கதையை ஒரு மணி நேரம் சொன்னாள். முதலாளி தனக்கும் இருப்பதாகப் பெருமையோடு தெரிவித்து, என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று ஒப்பிட்டுப் பார்த்தார். வழியில் போகிறவர்கள் கசப்பான இலைகளைக் கொண்டுவந்து கையில் திணித்தார்கள். ஒரு வியாதிக்காக ஒதுங்கி நின்றவளுக்கு, அது ஏதோ ஒரு வகையில் இழுத்துவந்த இன்னொரு வியாதி இவ்வளவு சொந்தக்காரர்களைச் சம்பாதித்துக் கொடுத்தது. அவள் எல்லோருக்கும் நன்றி சொன்னாள். யாருக்கும் மீதியைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. தெரிய வேண்டிய ஒருத்திக்குத் தெரிந்திருந்தது, அது போதுமானதாக இருந்தது. துண்டுகள் குளியலறைக்குத் திரும்பிப் போயின.

அடுத்த தடவை சிறப்புப் பிரிவுக்கு நாத்தனாரும் கூட வந்தாள். மகன் காரை அவளே ஓட்டிவந்தாள். உரிமம் கைக்கு வந்து நாலு நாள் ஆகியிருந்தது. காத்திருக்கும் கூடத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே அவள் ஒருத்திதான் நிமிர்ந்து உட்கார்ந்து, மின்விசிறி ஏன் சுற்றவில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். சுற்றவைத்தும்விட்டாள்.

டாக்டரம்மாவிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "இவளுக்கு இதயம் நல்லா இருக்கா?"

"இப்போதைக்கு நல்லா இருக்கு. இவங்களை மாதிரி இருக்கிறவங்களுக்கு மத்தவங்களைவிட ஆபத்து கொஞ்சம் அதிகம். ஆனா நல்லா பார்த்துக்கிறாங்க." பிறகு டாக்டரம்மா நாத்தனாரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தாள். "கூட வர்றவங்களுக்கும் இங்கே சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்க்கிறோம். பார்த்துடலாமா?"

"எனக்கென்ன? நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்றாள் நாத்தனார். ஆனாலும் இலவசம் என்று கேள்விப்பட்டதும் விரலை நீட்டினாள்.

கருவியில் வந்த எண்ணைப் பார்த்த நர்ஸ் இன்னொரு விரலைக் கேட்டாள். இரண்டாவது விரலும் அதையேதான் சொன்னது. பிரஷர் பட்டியைக் கழற்றிவிட்டு மறுபடி கட்டினார்கள். கடைசியில் டாக்டரம்மா, பிரேக் அக்காவின் எண்களையும் நாத்தனாரின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நல்ல செய்தி எதுவும் கிடைக்காததால் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ரெண்டு பேர்ல உங்களுக்குத்தான் ரொம்ப அதிகமா இருக்கு."

நாத்தனாருக்கு வந்த கோபம் அந்த அறைக்குத் தாங்கவில்லை. "அது எப்படி? இவளுக்கு உள்ளே வைரஸ் இருக்கு, பதுங்கிக் கிடக்கு, உடம்பு சண்டை போடுது, சரி, வந்தது. எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே! எனக்கு எதுக்கு வரணும்?"

"சாப்பாடு, நடக்காம இருக்கிறது, வயசு, குடும்ப வாகு..."

"அதெல்லாம் ஒரு காரணமா?"

டாக்டரம்மா மாத்திரையின் பெயரை எழுத ஆரம்பித்தாள். பிரேக் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் நாத்தனார் யாரையும் அதட்டவில்லை. ஒரு சைக்கிள்காரனுக்குக்கூட வழி விட்டாள். வீட்டுத் தெருவுக்குத் திரும்பும் முனையில் வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"ஏய், இங்க பாரு. என் பையன்கிட்ட மூச்சு விட்டுடாதே."

"எதை அண்ணி?"

"சர்க்கரையைத்தான். தெரிஞ்சா கார் சாவியைப் பிடுங்கிக்குவான். ஃபிரிட்ஜுல இருக்கிற ஐஸ்கிரீமையெல்லாம் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போயிடுவான். மாடிக்காரிக்கும் தெரியக் கூடாது. அவ மாமியார் கதையை என்னால மறுபடி கேட்க முடியாது."

"என்னோட சர்க்கரையை மட்டும் ஊரெல்லாம் சொன்னீங்க?"

"அது உன்னோடது. இது என்னோடது."

பிரேக் அக்கா கொஞ்சம் யோசிப்பது போல் இருந்தாள். "சொல்ல மாட்டேன். ஆனா நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு கீழே வந்து நிக்கணும். தினமும்."

"மிரட்டறியா?"

"ஆமாம்."

மறுநாள் ஆறு மணிக்கு நாத்தனார் கீழே நின்றாள். தனக்கென்று காலணி வாங்கினால் மகன் எதற்கு என்று கேட்பான் என்பதால், அவனுடைய பழைய விளையாட்டுக் காலணியை மாட்டி, முன்பக்கம் துணியைத் திணித்து நாடாவை இறுக்கியிருந்தாள். நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் டப் டப் என்று சத்தம் வந்தது. தெருமுனைக்குப் போவதற்குள், இன்னும் எவ்வளவு தூரம் என்று மூன்று தடவை கேட்டாயிற்று. பிரேக் அக்கா பதில் சொல்லாமல் கொஞ்சம் வேகத்தைக் கூட்டினாள். பின்னாலிருந்து வசவும் காலணிச் சத்தமும் விடாமல் வந்துகொண்டிருந்தன.